எது எதை இழுத்தது? டிரெய்லர் விபத்துச் செய்தியைப் படிக்கும் விதம்

முதலில் ஒரு செய்தி.

"தக்கலை அருகே டிரெய்லரை இழுத்துச் சென்ற வாகனம் திடீரெனக் கட்டுப்பாட்டை இழந்து விபத்துக்குள்ளானது. இதில் படுகாயம் அடைந்த வாலிபர், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியில் பரிதாபமாக உயிரிழந்தார். இதுகுறித்து போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்."

இது எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. விளக்குவதற்காக நானே எழுதிக்கொண்டது. ஆனால் குமரி மாவட்டச் செய்திகளைத் தினமும் புரட்டுகிறவர்களுக்கு இந்த நடை பழக்கமானதுதான். மூன்றே வாக்கியம். இறந்தவர் இருக்கிறார், ஆஸ்பத்திரி இருக்கிறது, போலீஸ் இருக்கிறது. என்ன நடந்தது என்பது மட்டும் இல்லை.

அந்த வாலிபர் எங்கே இருந்தார்? இழுத்த வண்டியை ஓட்டினாரா, பின்னால் வந்த டிரெய்லரின் மேல் உட்கார்ந்திருந்தாரா, எதிரே பைக்கில் வந்தாரா, சாலையோரம் சும்மா நின்றாரா? டிரெய்லர் கழன்று போனதா, கழலாமல் ஆடிக் கவிழ்ந்ததா? இழுத்தது டிராக்டரா, பெரிய லாரியா, ஜீப்பா? ஒவ்வொரு கேள்விக்கும் எந்தப் பதிலை வைத்தாலும் இந்த மூன்று வாக்கியமும் பொருந்திவிடும். அதனால் படிக்கிறவர் தனக்குத் தெரிந்த வண்டியை அதில் ஓட்டிப் பார்க்கிறார். மார்த்தாண்டத்தில் ஜல்லி ஏற்றிப் போகும் பெரிய டாரஸ் லாரிகளுக்கு நடுவே தினமும் பைக் ஓட்டுகிறவர் மனதில் ஒரு படம் வரும். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை இறக்கையை ஏற்றிக்கொண்டு ஊர்ந்து போகும் நீண்ட வண்டியைப் பார்த்தவருக்கு வேறு படம். பூதப்பாண்டி, தோவாளை வயல்காரருக்கு டிராக்டரும் பெட்டியும்தான் டிரெய்லர். மூன்று பேரும் ஒரே செய்தியைத்தான் படித்தார்கள், மூன்று விபத்தை நினைத்துக்கொண்டார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு அடிப்படையில் ஒரே காரணம்தான் என்பது என் எண்ணம். ஒன்றை ஒன்று இழுத்துப் போகும்போது சாலையில் போவது இரண்டு வண்டி, நடுவில் ஒரு இணைப்பு. செய்தி இந்த மூன்றையும் சேர்த்து "வாகனம்" என்று ஒரே பொருளாக்கிவிடுகிறது. பல டிரெய்லர் விபத்துகளில் காரணம் அந்த இணைப்பில்தான் இருக்கும். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் செய்தியில் இருக்காது.

எப்படி மாட்டியிருக்கிறது

டிரெய்லர் என்றதும் வண்டியின் நீளத்தைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். இயந்திரம் தெரிந்தவர் முதலில் கேட்பது, எப்படி மாட்டியிருந்தது என்பதை.

டிராக்டரில் இருந்து தொடங்கலாம். டிராக்டரின் பின்பக்கம் ஒரு கொக்கி இருக்கும். டிரெய்லரின் முன்பக்கம் நீண்டு வரும் இரும்புக் கம்பத்தின் முனையில் ஒரு வளையம். வளையத்தைக் கொக்கியில் கொடுத்து மேலிருந்து ஒரு தடித்த பின்னை, அதாவது இரும்பு முளையை, இறக்கினால் வேலை முடிந்தது. அந்தப் பின் மேலே எழும்பி வராமல் இருக்க அதன் அடியில் ஒரு சின்ன கிளிப் போட வேண்டும். விலை மிகக் குறைந்த பொருள்தான். தொலைந்துபோனால் அதன் இடத்தில் கம்பித் துண்டோ ஆணியோ வளைத்துச் செருகியிருப்பதை நீங்களே பார்த்திருக்கலாம். குண்டும் குழியுமான சாலையில் அந்தப் பின் துள்ளித் துள்ளி மேலே வர, ஒரு கட்டத்தில் பெட்டி தனியாகப் போய்விடும். இந்தப் பெட்டிகளில் பலவற்றுக்குத் தனி பிரேக் கிடையாது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். கழன்ற பெட்டியை நிறுத்த அதனிடம் எதுவும் இல்லை. சரிவு இருந்தால் சரிவு போகிற பக்கம் போகும், எதிரே எது இருக்கிறதோ அதில் மோதி நிற்கும்.

அடுத்தது கன்டெய்னர் ஏற்றிப் போகும் பெரிய டிரெய்லர் லாரி. இதில் இழுக்கும் வண்டியின் முதுகில் ஒரு வட்டத் தட்டு இருக்கும். டிரெய்லரின் அடியில் இருந்து ஒரு தடித்த ஊசி, கிங்பின் என்பார்கள், அந்தத் தட்டின் தாடைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். டிரெய்லருக்கு முன்சக்கரமே இல்லை. அதன் எடையில் ஒரு பகுதி இழுக்கும் வண்டியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இந்த வேறுபாட்டை வைத்துத்தான் பெயரே பிரிக்கிறது. முன்வண்டியின் மேல் ஒரு பகுதி ஏறி உட்கார்ந்து, எடையையும் ஓரளவு அதன் மேல் போடுவது செமி டிரெய்லர். அப்படி உட்காராமல் பின்னால் இழுபட்டு வருவது டிரெய்லர். சட்டப்படி நாம் கன்டெய்னர் டிரெய்லர் என்று சொல்வது செமி டிரெய்லர். டிராக்டர் பெட்டிதான் டிரெய்லர். செய்தியில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

நம் மாவட்டத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. கேரளத்துக்கு ஜல்லியும் பாறையும் கொண்டுபோகும் டாரஸ் லாரியைப் பெரிதாக இருப்பதாலேயே டிரெய்லர் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். டாரஸில் எத்தனை சக்கரம் இருந்தாலும் அது ஒரே அடிச்சட்டத்தின் (சேசிஸ்) மேல் கட்டிய ஒரே வண்டி. நடுவில் மடங்காது, கழலாது. அது மோதிய விபத்தைப் பற்றிப் பேச வேண்டியது பாரம், பிரேக், வேகம், ஓட்டுநரின் தூக்கம் ஆகியவற்றை. இணைப்பைப் பற்றிப் பேச அதில் எதுவும் இல்லை.

காரோ ஜீப்போ சின்ன டிரெய்லரை இழுப்பது இங்கே குறைவு. ஜெனரேட்டர், காங்கிரீட் கலக்கும் இயந்திரம் போன்றவற்றை அப்படி இழுத்துப் போவதுண்டு. வெளிநாட்டில், அதிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும், வீட்டுக்கு வீடு இதைச் செய்கிறார்கள்: படகு, குதிரை, சுற்றுலா போகும்போது தங்குகிற சின்ன வீடு எல்லாம் காருக்குப் பின்னால் வரும். அங்கே நடந்த விபத்துச் செய்தி தமிழில் வரும்போது "டிரெய்லர் மோதி பலி" என்று சுருங்கிவிடும். நாம் கன்டெய்னர் லாரியை நினைத்துக்கொள்வோம். அங்கே நடந்தது ஒரு குடும்பம் படகை இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போனதாக இருக்கலாம். அந்த வகை டிரெய்லரில் காரின் பின்னால் ஒரு இரும்பு உருண்டை இருக்கும், டிரெய்லரின் கிண்ணம் அதன் மேல் கவிழ்ந்து பூட்டும். பூட்டு விட்டுப்போனாலும் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் இருக்க, அடியில் இரண்டு சங்கிலியைக் குறுக்காகப் போட்டுக் கட்டுவார்கள். அங்குள்ள செய்தியில் "சங்கிலி மாட்டப்படவில்லை" என்று ஒரு வரி இருந்தால் விபத்தின் பாதி அதில்தான் இருக்கிறது. மொழிபெயர்ப்பில் பெரும்பாலும் முதலில் வெட்டுப்படுவதும் அந்த வரிதான்.

நான்காவது, கயிறு. பழுதாகி நின்ற வண்டியை இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துப் போவது. இதில் டிரெய்லரே இல்லை. ஆனால் "இழுத்துச் சென்றபோது" என்று செய்தி வந்தால் இதுவாகவும் இருக்கலாம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பிறகு சொல்கிறேன்.

"கட்டுப்பாட்டை இழந்து" என்றால் என்ன

விபத்துச் செய்தியில் அதிகம் உழைக்கிற சொற்கள் இவைதான். டிரெய்லர் விஷயத்தில் இதற்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு நிகழ்வுகள் ஒளிந்திருக்கும்.

ஒன்று, மடங்குவது. நனைந்த சாலையில் ஓட்டுநர் பிரேக்கை அழுத்துகிறார். இழுக்கும் வண்டியின் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்க ஆரம்பிக்கின்றன. பின்னால் இருக்கும் பாரத்துக்கு நிற்க வேண்டும் என்ற அவசரம் எதுவும் இல்லை, அது முன்வண்டியைத் தள்ளிக்கொண்டே வருகிறது. இணைப்பு ஒரு கீல் மாதிரி வேலை செய்ய, முன்வண்டி பக்கவாட்டில் திரும்பி டிரெய்லரோடு போய் ஒட்டிக்கொள்கிறது. ஓட்டுநர் அறை நசுங்குவது இப்படித்தான். இரண்டு, இதற்கு நேர்மாறானது. டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் பூட்டி, அதன் வால் பக்கவாட்டில் வீசும். முன்வண்டி நேராகப் போய்க்கொண்டிருக்க, பின்பகுதி எதிர்ப்பக்கத்துச் சாலையைத் துடைத்துக்கொண்டு வரும். இதில் ஓட்டுநருக்குக் காயமே இல்லாமல் எதிரே வந்தவர் இறந்துபோகலாம். முதல் வகையில் இறப்பவர் அநேகமாக ஓட்டுநர், இரண்டாவதில் மற்றவர். செய்தி இரண்டையும் "கட்டுப்பாட்டை இழந்து" என்றே எழுதும்.

மூன்றாவது, ஆடுவது. பின்னால் வருவது இடமும் வலமுமாக அலைய ஆரம்பித்து, ஒவ்வொரு அலைச்சலும் முந்தையதைவிடப் பெரிதாகி, கடைசியில் இழுக்கும் வண்டியையும் சேர்த்துச் சாலையைவிட்டு வீசிவிடும். இது பெரும்பாலும் உருண்டையில் மாட்டிய சின்ன டிரெய்லரின் நோய். பாரத்தை எங்கே வைத்தார்கள் என்பதில்தான் இதன் வேர் இருக்கிறது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை முன்பக்க இணைப்பின் மேல் இறங்க வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 1,000 கிலோ டிரெய்லர் என்றால் 100 முதல் 150 கிலோ. பாரம் சக்கர அச்சுக்குப் பின்னால் போய்விட்டால் மூக்கு மேலே தூக்கும், வால் ஆட ஆரம்பிக்கும். ஏற்றியவர் கிளம்பும்போது எதுவும் தெரியாது, வேகம் கூடும்போதுதான் தெரியும். வேகம் 40-இலிருந்து 60 கிலோமீட்டராகும்போது வண்டியின் இயக்க ஆற்றல் ஒன்றரை மடங்காவதில்லை, 2.25 மடங்காகிறது. "வழக்கமாகப் போகிற வேகத்தில்தான் போனேன்" என்று ஓட்டுநர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். தனியாக ஓட்டும்போது வழக்கமாக இருக்கிற வேகம் பின்னால் பாரம் தொங்கும்போது வழக்கமானதாக இருக்காது.

காற்றும் இதில் சேரும். காவல்கிணற்றில் இருந்து நாகர்கோவில் வரும் சாலையில் முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பகுதியைத் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் பைக்கில் கடந்தவர்களுக்குத் தெரியும், கணவாய் வழியாக வரும் காற்று கையில் பிடித்திருக்கும் வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளும். அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். அதே காற்று உயரமான வெற்று கன்டெய்னரின் பக்கத்தில் அடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். காலி வண்டி பாதுகாப்பானது என்ற நினைப்பு காற்றின் முன்னால் எடுபடாது. பாரம் இல்லாததுதான் எளிதாகச் சாயும். ஆகவே "டிரெய்லர் கவிழ்ந்தது" என்ற செய்தியில் அது பாரத்தோடு இருந்ததா, காலியாக இருந்ததா என்ற ஒரு விவரம் நிறைய சொல்லிவிடும்.

இவை தவிர, கட்டுப்பாட்டை யாரும் இழக்காமலே நடக்கும் விபத்து ஒன்றும் உண்டு. நீண்ட டிரெய்லர் திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன்பகுதி நம்மைத் தாண்டிப் போய்விட்டது என்று நினைத்து ஓரமாக நிற்கும் பைக்காரரை நோக்கி, நான்கைந்து நொடி கழித்துப் பின்சக்கரம் வரும். தக்கலை, மார்த்தாண்டம் மாதிரி குறுகலான சந்திப்புகளில் ஓட்டுநருக்கு வேறு வழியும் இருக்காது. அந்த நேரத்தில் வண்டி நடந்துபோகிற வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கும். அப்புறம் செய்தியில் "அதிவேகமாக வந்த டிரெய்லர் மோதி" என்று வந்தால், அந்த அதிவேகம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

இதே மாதிரி சந்தேகத்தோடு படிக்க வேண்டிய இன்னொரு வரி, "காற்றுக் குழாய் துண்டிக்கப்பட்டு பிரேக் பிடிக்காமல் பாய்ந்தது." பெரிய டிரெய்லர்களுக்கு முன்வண்டியில் இருந்து இரண்டு குழாய்கள் போகும். ஒன்றில் எப்போதும் காற்று நிற்கும், மற்றொன்றில் பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் காற்று போகும். எப்போதும் காற்று நிற்கும் குழாய் அறுந்தால் டிரெய்லரின் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், வண்டி பாயாது, இழுத்துக்கொண்டு நின்றுவிடும். அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். எனவே பாய்ந்தது உண்மை என்றால், குழாய் அறுந்ததைத் தாண்டி வேறு ஏதோ பழுதும் இருந்திருக்க வேண்டும்.

கயிற்றில் கட்டி இழுத்தால்

சரி, கயிறு. நான்கு வகையில் சட்டம் மிகத் தெளிவாகப் பேசியிருப்பதும், சாலையில் மிகக் குறைவாக மதிக்கப்படுவதும் இதுதான்.

1989-இல் வந்த சாலை ஒழுங்குமுறை விதிகளில் இழுத்துப் போவதற்கென்றே ஒரு விதி இருந்தது. இழுபடும் வண்டியின் ஸ்டீயரிங்கில் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார வேண்டும், இல்லையென்றால் அதன் முன்சக்கரங்கள் தரையில் படாமல் கிரேனில் தூக்கியிருக்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் நடுவே இடைவெளி ஐந்து மீட்டரைத் தாண்டக் கூடாது. கயிறோ சங்கிலியோ மற்றவர்கள் கண்ணில் தெளிவாகப் படும்படி இருக்க வேண்டும். இழுபடும் வண்டியின் பின்னால் அது இழுபட்டு வருகிறது என்று எழுதி வைக்க வேண்டும். வேகம் மணிக்கு 24 கிலோமீட்டருக்குள். இந்த விதிகளுக்குப் பதிலாக 2017-இல் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. ஆனால் பழைய விதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருந்த காரணம் இன்னும் அப்படியே இருக்கிறது.

கயிறு இழுக்கும், தள்ளாது. முன்வண்டி பிரேக் போட்டால் பின்வண்டி தானாக நிற்காது, அதில் இருக்கிறவர் மிதித்தால்தான் நிற்கும். அவர் மிதிக்கும்போது என்ன நடக்கிறது? எஞ்சின் ஓடாத காரில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், அதன்பின் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் உதவாது. சாவியை எடுத்துவிட்டிருந்தால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும்.

லாரி இன்னும் மோசம். லாரியின் பின்சக்கரங்களில் வலுவான ஸ்பிரிங் இருக்கும், காற்றழுத்தம் இருக்கும்வரை அது விலகி நிற்கும், காற்று போனால் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் பழுதாகிக் காற்று இறங்கிய லாரி அதனால்தான் அசையாது. அதை இழுக்க வேண்டும் என்றால் மெக்கானிக் அந்த ஸ்பிரிங்கை போல்ட் போட்டு இழுத்து விலக்கி வைப்பார். சக்கரம் சுழலும், இழுக்கலாம். ஆனால் இப்போது அந்த லாரிக்குப் பிரேக் என்று ஒன்று இல்லை. பத்து டன்னுக்கு மேல் எடை, பிரேக் இல்லை, நடுவில் கயிறு. இந்த நிலையில் கயிற்றுக்குப் பதிலாக இரும்புக் கம்பம் மாட்டி இழுப்பதுதான் முறை. கம்பம் என்றால் முன்வண்டியின் பிரேக் பின்வண்டியையும் ஓரளவு தாங்கும். "பழுதான லாரியை இழுத்துச் சென்றபோது" என்று செய்தி தொடங்கினால் நான் முதலில் தேடுவது கயிறா கம்பமா என்பதைத்தான். இதுவரை ஒரு செய்தியிலும் கண்ணில் பட்டதில்லை.

கயிறு அறுந்தும் ஆள் சாகலாம். குளச்சலிலும் முட்டத்திலும் விசைப்படகில் வேலை செய்தவர்களிடம் இதை விளக்கவே வேண்டாம், விறைத்து நிற்கும் கயிற்றுக்கு நேராக நிற்கக் கூடாது என்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். நைலான் கயிறு நீளும், நீளும்போது ஆற்றலைச் சேர்த்து வைக்கும், அறுந்ததும் அவ்வளவையும் ஒரே வீச்சில் விடும். முனையில் இரும்புக் கொக்கி இருந்துவிட்டால் அது குண்டு மாதிரி வரும். வண்டி நகரவேயில்லை, யாரும் வேகமாக ஓட்டவில்லை, ஆனாலும் பக்கத்தில் நின்று சைகை காட்டிய உதவியாளர் இறந்துபோகிறார். இதுவும் "இழுத்துச் சென்றபோது விபத்து" தான்.

ராத்திரியில் வேறொரு ஆபத்து. இரண்டு வண்டிக்கும் நடுவே இடைவெளி தெரிகிறது, கயிறு தெரியவில்லை. பைக்கில் வருகிறவர் அந்த இடைவெளியில் புகுந்து சாலையைக் கடக்கப் பார்க்கிறார். கயிறு கண்ணில் பட வேண்டும், இடைவெளி ஐந்து மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று விதி எழுதியவர்கள் இதை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்க வேண்டும். ஒரு சிவப்புத் துணியைக் கட்டித் தொங்கவிடுவது சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இருட்டில் துணியும் தெரியாது, ஒளி பிரதிபலிக்கும் பட்டைதான் வேண்டும்.

முதல் நாள் செய்தி ஏன் இப்படி இருக்கிறது

இதற்கு நிருபரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இரவு பத்து மணிக்கு விபத்து, பதிப்பு முடிய சில மணி நேரம். ஒரே ஆள் நான்கைந்து காவல் நிலையங்களைப் பார்த்துக்கொள்கிறார். சம்பவ இடத்துக்குப் போவதற்குள் சாலையைச் சரிசெய்ய வண்டிகளை நகர்த்தியிருப்பார்கள். கையில் கிடைப்பது காவல் நிலையத்தில் இருந்து வரும் விவரம். அந்த விவரம் வருவது முதல் தகவல் அறிக்கையில் இருந்து. அந்த அறிக்கை புகார் கொடுத்தவர் சொன்னது. புகார் கொடுத்தவர் இறந்தவரின் அண்ணனாகவோ மாமாவாகவோ இருப்பார், அவர் விபத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்ற சொற்கள் அதில் கட்டாயம் இருக்கும், ஏனென்றால் வழக்குப் போடும் சட்டப் பிரிவுக்குத் தேவையானவை அவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பொதுச்சாலையில் அஜாக்கிரதையாக ஓட்டுவது 281-ஆவது பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது 106(1). முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 279, 304ஏ என்று படித்தவைதான். வழக்குப்பதிவு என்பது விசாரணையின் தொடக்கம். அதில் உள்ள அதிவேகம் யாரும் அளந்து பார்த்த வேகம் கிடையாது.

எனக்கு இருக்கும் மனத்தாங்கல் வேறு. தெரிந்தது தெரியாததைப் பிரித்துச் சொல்வதற்கு நேரம் தேவைப்படாது. அதே இரவில், அதே நெருக்கடியில் இப்படி எழுதலாம்:

"டிராக்டரோடு இணைக்கப்பட்டிருந்த டிரெய்லர் தனியாகப் பிரிந்து எதிரே வந்த பைக் மீது மோதியதாகப் போலீசார் தெரிவித்தனர். இறந்தவர் பைக்கை ஓட்டி வந்தவர். டிரெய்லரில் செங்கல் ஏற்றப்பட்டிருந்தது. இணைப்புப் பின் உடைந்ததா, கழன்றதா என்பது தெரியவில்லை. மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சோதிக்க உள்ளார்."

பழையதைவிட ஓரிரு சொற்கள்தான் கூடுதல். "திடீரென", "பரிதாபமாக" இரண்டையும் எடுத்தால் அதற்கும் இடம் கிடைத்துவிடும். பரிதாபத்தை வாசகரே பட்டுக்கொள்வார், அதை நிருபர் சொல்லித் தர வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவும் செய்தியைவிடத் தெளிவு என்று நினைத்துவிடக் கூடாது. அது பெரும்பாலும் விபத்துக்குப் பிறகு எடுத்தது. டிரெய்லரும் டிராக்டரும் பிரிந்து கிடக்கின்றன என்றால், பிரிந்ததால் மோதியதா, மோதியதால் பிரிந்ததா என்பது அந்தப் படத்தில் தெரியாது. வண்டியில் இருந்து கொஞ்சம் பின்னால் போய்ச் சாலையைப் பார்த்தால் தெரிய வாய்ப்புண்டு. கழன்ற டிரெய்லரின் கம்பம் தாரில் நீண்ட கீறல் போட்டிருக்கும், கீறல் மோதிய இடத்துக்கு முன்பே தொடங்கியிருந்தால் பிரிந்தது முதலில். கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் ரத்தத்தைப் படமெடுப்பார்கள், இந்தக் கீறலை எடுக்க மாட்டார்கள்.

சரியான விவரம் எங்கே, எப்போது கிடைக்கும்

முதல் தகவல் அறிக்கையைப் பொதுவெளியில் பார்க்க முடியும். 24 மணி நேரத்துக்குள் காவல்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது, பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற சில வகை வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. இறந்தவர் எந்த வண்டியில் இருந்தார், வண்டிகளின் பதிவு எண்கள் என்ன என்பது பெரும்பாலும் அதிலேயே இருக்கும். செய்தியில் விட்டுப்போன முதல் கேள்விக்கு அதைப் படித்தாலே பதில்.

அதற்குப் பிறகு வருவதுதான் கனமானது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாட்களுக்குள் இடைக்கால அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்ய வேண்டும். வண்டியின் இயந்திரச் சோதனை, சம்பவ இடத்தின் வரைபடம், பிரேதப் பரிசோதனை எல்லாம் இந்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும். செய்தி வருவது முதல் நாள். காரணம் தாளில் ஏறுவது மூன்றாவது மாதம். அந்த மூன்றாவது மாதத்தில் அதே இடத்தைப் பற்றி இன்னொரு செய்தி எழுத எந்தப் பத்திரிகையும் ஆள் அனுப்புவதில்லை. எனக்கு உண்மையான கோபம் வருவது இங்கேதான்.

அந்தக் குடும்பத்துக்கோ "எங்கே இருந்தார்" என்ற கேள்வியில்தான் பணமே இருக்கிறது. டிராக்டரில் சட்டப்படி ஓட்டுநருக்கு மட்டுமே இருக்கை. மட்கார்டில் உட்கார்ந்து போனவர் இறந்தால், அவருக்குப் பாலிசி பொருந்தாது என்று காப்பீட்டு நிறுவனம் வாதாடும். அதே ஆள் சாலையோரம் நடந்து போயிருந்தால் அந்த வாதத்துக்கே இடமில்லை. டிரெய்லர் என்பது சட்டப்படி தனி வண்டி, அதற்குத் தனிப் பதிவு எண் வேண்டும், காப்பீட்டிலும் அது சேர்ந்திருக்க வேண்டும். டிராக்டருக்குப் பாலிசி இருந்து பெட்டிக்கு இல்லாமல் போன வழக்குகள் தீர்ப்பாயங்களில் ஆண்டுக்கணக்கில் இழுத்திருக்கின்றன. யார் மீது தவறு என்பதை நிரூபிக்காமலே, மரணத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் கேட்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆவது பிரிவில் வழி உண்டு. அதற்கு மேல் கேட்க வேண்டும் என்றால் 166-ஆவது பிரிவில் போய்த் தவறை நிரூபிக்க வேண்டும். அங்கே பத்திரிகைச் செய்தியை நீட்டிப் பயனில்லை, செய்தி மட்டும் தனியாகச் சாட்சியம் ஆகாது.

ஆகவே உங்கள் தெருவில் இப்படி ஒன்று நடந்தால், ஆளைக் காப்பாற்றி அனுப்பிய பிறகு, கிரேன் வருவதற்கு முன் செல்போனில் சில படம் எடுத்து வையுங்கள். இரண்டு வண்டியின் எண்களும் தனித்தனியாக. கொக்கி, வளையம், பின், அதன் கிளிப் இருக்க வேண்டிய துளை. கயிறு என்றால் அறுந்த முனை. சாலையில் கீறல் தொடங்கும் இடமும், பக்கத்தில் உள்ள மின்கம்பமோ கடைப் பலகையோ தெரிகிற மாதிரி. முகங்களையும் உடலையும் எடுக்க வேண்டாம். படங்களைக் குழுக்களில் போடாமல், விசாரிக்க வரும் எஸ்.ஐ.யிடமும் இறந்தவரின் வீட்டாரிடமும் கொடுத்துவிடுங்கள்.